விரைவுணவைத் தேர்ந்துண்போம்

நுழையும் முன்

விரைவுணவு நல்லதா, தீயதா என்று தேர்வில் வினவினால், 'தீயது' என எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால், பள்ளி விட்ட மாலைப்பொழுதில் பசியோடு கடை வாயிலில் நிற்கும்போது அந்த ஒரு சொல் விடை நமக்குத் துணை செய்வதில்லை. அப்பொழுது வேண்டுவது தேர்ந்தெடுக்கும் அறிவு. அவ்வறிவைப் பற்றிய கருத்துக் கட்டுரை இது. இதனைப் படித்து, உடன்படும் இடங்களையும் மாறுபடும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லைச் சாலையின் கடைகள்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை நீங்கள் நன்கு அறிவீர்கள். பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. நிலம் இரண்டாகப் பிரிந்தாலும் உணவு பிரியவில்லை. புட்டும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் எல்லையின் இருபுறத்து வீடுகளிலும் இன்றும் உண்ணப்படுகின்றன.

அவ்வாறே புதிய உணவுகளும் இருபுறமும் பரவியுள்ளன. மாலையில் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டைப் பஃப்சும் கட்லெட்டும் அடுக்கப்படுகின்றன. இருட்டியதும் தட்டுக்கடைகளில் பரோட்டா வீசப்படுகின்றது. ஷவர்மாவும் அல்ஃபாமும் பொரித்த கோழியும் பர்கரும் சிற்றூர்ச் சந்திப்புகளிலும் கிடைக்கின்றன. பெரும்பகுதி முன்பே ஆயத்தம் செய்யப்பட்டு, கேட்ட சில நிமிடங்களில் கைக்கு வருவதே விரைவுணவு. இதனைத் துரித உணவு என்றும் வழங்குவர். இவ்விளக்கத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. எந்தக் கடையின் பெயரும் இல்லை என்பதை இப்போதே நினைவிற் கொள்ளுங்கள்.

உங்கள் பெற்றோருள் சிலர் தொடர்வண்டித் துறையிலும் வங்கியிலும் பாதுகாப்புப் பணியிலும் உள்ளனர். சிலர் கட்டட வேலையும் வணிகமும் செய்கின்றனர். பாலராமபுரத்து நெசவாளர்களைப் போலப் பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் இப்பகுதியில் உண்டு. தாயும் தந்தையும் பணிக்குச் செல்லும் வீட்டில், பாட்டியோ அத்தையோ உடன் இல்லாத நிலையில், மாலைச் சிற்றுண்டி கடையிலிருந்து வருவதை எவரும் சோம்பல் எனக் கூற இயலாது. எனவே, 'கடையில் உண்ணாதீர்கள்' என்று அறிவுரை கூறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. கடையில் உண்ண நேரும்போது எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதே நாம் ஆராயவேண்டிய பொருள்.

கேரளம் விதித்த வரி

இவ்வினாவுக்கு அரசே விடை காண முயன்ற நிகழ்வு ஒன்று நம் மாநிலத்தில் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் சட்டப்பேரவையில் திருத்திய வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தார். வணிகப்பெயரைப் பதிவு செய்துள்ள உணவகங்களில் விற்கப்படும் பர்கர், பீட்சா, டாக்கோ, டோனட், சாண்ட்விச், பாஸ்தா முதலியவற்றுக்கு 14.5 விழுக்காடு வரி அதில் அறிவிக்கப்பட்டது. நாளேடுகள் அதற்குக் 'கொழுப்பு வரி' எனப் பெயரிட்டன. இந்தியாவில் இத்தகைய வரியை முதலில் விதித்த மாநிலம் கேரளமே. அதனால் ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் வருவாய் கிடைக்கும் என அரசு எதிர்பார்த்தது. 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் நாடு முழுவதும் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, இத்தனி வரி அதனுள் அடங்கி மறைந்தது.

வரியின் நோக்கம் நல்லதே. மக்கள் உடல்நலத்தைக் கெடுக்கும் பழக்கத்தைக் குறைக்க அரசு முன்வருவதில் தவறில்லை. ஆயினும் அவ்வரியின் எல்லையை உற்று நோக்குங்கள். பெயர் பெற்ற உணவகத்தின் பர்கருக்கு வரி உண்டு. பெயர்ப் பதிவில்லாத பேக்கரியில் அதே மாவாலும் அதே எண்ணெயாலும் செய்யப்பட்ட பர்கருக்கு அவ்வரி இல்லை. பீட்சாவுக்கு உண்டு, தட்டுக்கடைப் பரோட்டாவுக்கு இல்லை. டோனட்டுக்கு உண்டு, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த நம் இனிப்புகளுக்கு இல்லை. சட்டம் கடையின் பெயரைப் பார்த்தது. வயிறு கடையின் பெயரைப் பார்ப்பதில்லை.

வரியால் பயன் விளையுமா என்பதற்கு உலகில் இருவகைச் சான்றுகளும் உள்ளன. டென்மார்க் நாடு 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவுகளுக்கு வரி விதித்தது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் விலையேறின. மக்களுள் பலர் எல்லை கடந்து செர்மனிக்கும் சுவீடனுக்கும் சென்று அவற்றை வாங்கினர். 2013-ஆம் ஆண்டு சனவரியில் அவ்வரி நீக்கப்பட்டது. எல்லையூரில் வாழும் உங்களுக்கு இது வியப்பளிக்காது. பாறசாலையில் ஒரு பொருள் விலை கூடினால் களியக்காவிளை எவ்வளவு தொலைவு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மெக்சிகோ நாட்டின் பட்டறிவு வேறு. அங்கு 2014-ஆம் ஆண்டு சனவரி முதல் சர்க்கரை கலந்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதிக்கப்பட்டது. முதலாண்டில் அப்பானங்களின் விற்பனை சராசரியாக 6 விழுக்காடு அளவில் குறைந்தது. அங்கு வரி கடையின் பெயர்மேல் விழவில்லை. பானத்தில் உள்ள சர்க்கரைமேல் விழுந்தது. இவ்வேறுபாட்டையே என் கருத்துக்கு அடிப்படையாகக் கொள்கின்றேன்: உணவை அதன் பெயரால் மதிப்பிடாமல், அதனுள் இருக்கும் பொருளாலும் அளவாலும் மதிப்பிட வேண்டும்.

பெயரும் பொருளும்

தமிழர் இல்லங்களில், சிறப்பாகத் தாய்நிலத்தை விட்டு வந்து வாழும் இல்லங்களில், 'நம் உணவு நல்லது. அயல் உணவு கெட்டது' என்னும் கூற்று அடிக்கடி ஒலிக்கின்றது. பணியின் பொருட்டு ஊரைவிட்டு வந்து வாழும் ஆசிரியர் என்னும் முறையில் அக்கூற்றின் பின்னுள்ள அன்பை நான் உணர்கின்றேன். எனினும் அதனை அப்படியே ஏற்க இயலவில்லை.

நாம் நம்முடையது எனக் கருதும் மரச்சீனியின் தாயகம் தென்னமெரிக்கா. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. மறுபுறம், நம் பெயர் தாங்கிய முறுக்கும் பஜ்ஜியும் எண்ணெயில் மூழ்கி எழுகின்றன. பர்கரின் ரொட்டியும் நம் பரோட்டாவும் தவிடு நீக்கப்பட்ட மைதா மாவிலிருந்தே செய்யப்படுகின்றன. தவிட்டோடு நார்ச்சத்தின் பெரும்பகுதியும் நீங்கிவிடுகின்றது. ஒன்று மேலைநாட்டுப் பெயர் கொண்டது; மற்றொன்று நம் நாட்டுப் பெயர் கொண்டது. மாவு ஒன்றே.

பெயரைக் கொண்டு உணவை வகைப்படுத்துவதில் உள்ள இடர்ப்பாட்டைப் பரோட்டாவே காட்டியது. 2020-ஆம் ஆண்டு ஜூனில், பொதியிட்டு விற்கப்படும் பரோட்டா ரொட்டி வகையைச் சேர்ந்தது அன்று. ஆகவே அதற்கு 5 விழுக்காடு அன்றி 18 விழுக்காடு வரி பொருந்தும் என்று கர்நாடகத்தின் வரி முன்தீர்ப்பு ஆணையம் கூறியது. 2024-ஆம் ஆண்டில் கேரள உயர்நீதிமன்றம் பொதியிட்ட பரோட்டா தொடர்பான வேறொரு வழக்கில், அது ரொட்டி வகையே என்றும் 5 விழுக்காடு வரியே பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. பரோட்டா ரொட்டியா, அன்றா என்பது வரிக்கு வேண்டிய வினா. அதில் எவ்வளவு எண்ணெய் சேர்ந்துள்ளது, எத்தனை உண்கின்றோம் என்பன நமக்கு வேண்டிய வினாக்கள்.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் நடத்தும் உணவகங்கள், ஒவ்வோர் உணவின் ஆற்றல் அளவையும் உணவுப்பட்டியலில் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. ஆகவே, பெரிய உணவகத்தில் எண்ணைப் படித்துத் தேர்ந்தெடுக்க நமக்கு வாய்ப்புண்டு. சிறுகடையில் அவ்வாய்ப்பு இல்லை. அங்கு நாமே கண்டும் கேட்டும் அறிய வேண்டும்.

விலக்கு அன்று, தேர்வு

'விரைவுணவை அடியோடு விலக்கினால் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?' என்று சிலர் வினவலாம். இவ்வினா பெரியவர்களுக்கு எளிது; மாணவர்களுக்கு எளிது அன்று.

வேற்றுமொழி பேசுவோர் நடுவே வளரும் பிள்ளைக்கு நண்பர் குழுவில் ஓர் இடம் கிடைப்பது சிறிய செய்தி அன்று. விளையாட்டு முடிந்ததும் நால்வர் சேர்ந்து கடைக்குச் செல்கின்றனர். ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்கின்றனர். மலையாளம் பேசும் தோழனும் தமிழ் பேசும் தோழனும் நெருங்குவது பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான். அங்கே 'கடைக்குப் போகாதே' என்னும் கட்டளை, 'நண்பர்களை விடு' என்றே பிள்ளையின் செவியில் விழும். ஆகையால் அக்கட்டளை வீட்டில் தலையசைப்பையும் வெளியில் மறைவான உண்ணுதலையும் பெற்றுத் தருகின்றது. மறைவாக உண்ணும் உணவைப் பற்றி எவரோடும் பேச முடியாது. பேசாத இடத்தில் அறிவு வளராது.

எனவே, நண்பர்களோடு செல்லுங்கள். ஆனால், தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டு செல்லுங்கள் என்பதே என் கருத்து. அதற்கு நான்கு வினாக்கள் போதும்.

நான்கு வினாக்கள்

முதல் வினா: எவ்வாறு சமைக்கப்பட்டது? ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி ஆற்றல் தருகின்றது. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கிலோகலோரியே தருகின்றது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கிலோகலோரி உள்ளது. ஆகவே, ஒரே கோழித்துண்டு மாவில் தோய்த்துப் பொரிக்கப்படும்போது ஓர் உணவு. அல்ஃபாம் போலத் தீயில் சுடப்படும்போது மற்றோர் உணவு. ஒரே நேந்திரம்பழம் மாவில் தோய்த்துப் பொரிக்கப்பட்டால் பழம்பொரி. ஆவியில் வெந்தால் எண்ணெயே இல்லாத சிற்றுண்டி. அவித்தது, சுட்டது, பொரித்தது என்னும் வரிசையில் முன்னிற்பதை அடிக்கடியும் பின்னிற்பதை அரிதாகவும் உண்ணலாம். பொரிக்கும் எண்ணெயையும் கவனியுங்கள். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் தீங்கான சேர்மங்கள் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைக் கடந்தால் அவ்வெண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் நடைமுறையிலுள்ள விதி. நம்மிடம் அளவுக்கருவி இல்லை. கண்ணும் மூக்கும் உள்ளன. கறுத்து, நுரைத்து, நெடி வீசும் எண்ணெயைக் கண்டால் அக்கடையை விட்டு நகர்வதே நன்று.

இரண்டாம் வினா: எதனோடு சேர்த்து உண்கின்றோம்? பல வேளைகளில் தீங்கு முதன்மை உணவில் இல்லை. அதன் துணைகளில் உள்ளது. கோலா வகைக் குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை உள்ளது. 250 மில்லிலிட்டர்ப் புட்டி ஒன்றைக் குடித்தால் 25 கிராம் சர்க்கரை உட்செல்லும். நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு அதில் 5 விழுக்காடு என்பது 100 கிலோகலோரி; அதாவது 25 கிராம் சர்க்கரை. ஒரு நாளின் பங்கு ஒரு புட்டியில் தீர்ந்துவிட்டது. அதே பர்கரைத் தண்ணீரோடோ மோரோடோ உண்டால் அப்பங்கு மிஞ்சுகின்றது. மயோனைசின் பெரும்பங்கு எண்ணெயே. 'மயோனைஸ் தனியாகத் தாருங்கள்' என்று கேட்டு வாங்கினால், எவ்வளவு தொட்டுக்கொள்வது என்பதை நாமே முடிவு செய்யலாம். பரோட்டாவுக்குக் கொழுப்பு மிதக்கும் குழம்பைவிடக் கடலைக்கறியோ பயற்றுக்கறியோ முட்டைக்கறியோ நல்ல துணை. இப்பக்கத்துக் கடையில் 'சேட்டா' என்று அழைத்தோ, அப்பக்கத்துக் கடையில் 'அண்ணாச்சி' என்று அழைத்தோ இதனைக் கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை.

மூன்றாம் வினா: எவ்வளவு? திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அதன் பெயர் மருந்தாயினும், அதில் ஒரு மூலிகையின் பெயரும் காணப்படவில்லை. பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியும் அளவைப் பற்றியும் பேசுகின்றன. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவோடு உண்ணுமாறு வள்ளுவர் அறிவுறுத்துகின்றார். இன்றைய கடைகளோ அளவைப் பெருக்கவே நம்மை அழைக்கின்றன. 'இன்னும் சில ரூபாய் கொடுத்தால் பெரியது' என்னும் சலுகையைப் பாருங்கள். வேண்டாத உணவு மலிவாகக் கிடைப்பது சேமிப்பு ஆகாது. பெரிய பீட்சா ஒன்றை இருவர் உண்பதைவிட நால்வர் பகிர்வதில் நட்பும் குறையாது, உடலும் கெடாது. நான்கு பரோட்டா உண்ணும் இடத்தில் இரண்டும் ஒரு முட்டைக்கறியும் உண்டு எழுந்தால் வயிறு நிறையும்; நாவும் குறைகூறாது.

நான்காம் வினா: எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஒரு நாள் உண்ட பர்கர் எவரையும் நோயாளி ஆக்குவதில்லை. ஒரு நாள் உண்ட கீரை எவரையும் வலியவர் ஆக்குவதும் இல்லை. பழக்கமே உடலை உருவாக்குகின்றது. திங்கள் பஃப்ஸ், செவ்வாய் நூடுல்ஸ், புதன் பரோட்டா என ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகின்றது என்று கணக்கிடுவோர் உளர். உணவின் பெயர் மாறினாலும் மைதாவும் எண்ணெயும் உப்பும் நாள்தோறும் வருகின்றன அல்லவா? இங்கும் பெயரை எண்ணாமல் பொருளை எண்ண வேண்டும்.

வீட்டில் சமைக்கும் நூடுல்சுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். உறையின் பின்புறத்தில் சோடியத்தின் அளவு மில்லிகிராமில் தரப்பட்டிருக்கும். அதனை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2,000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. சுவைத்தூளில் பாதியை மட்டும் இட்டு, நறுக்கிய கேரட்டும் பீன்சும் ஒரு முட்டையும் சேர்த்தால், அதே நூடுல்ஸ் மேம்பட்ட உணவாகின்றது. இதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடங்கள் போதும்.

தூய்மையும் நேரமும்

எண்ணெயும் சர்க்கரையும் மெல்ல மெல்லத் தீங்கு செய்வன. தூய்மையற்ற உணவோ ஒரே நாளில் உயிரைப் பறிக்க வல்லது. 2022-ஆம் ஆண்டு மே முதல் நாள், காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். உண்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஷிகெல்லா என்னும் நுண்ணுயிரி அங்குக் கண்டறியப்பட்டது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட 14 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். உங்கள் வயதினரே இருவரும். எல்லையின் இருபுறமும் நிகழ்ந்த இத்துயரங்களை நாம் மறக்கலாகாது.

அதன்பின் கேரள அரசு விதிகளை வகுத்தது. ஷவர்மாப் பொதியின்மேல் அது செய்யப்பட்ட நாளும் நேரமும் குறிக்கப்பட வேண்டும்; வாங்கிய ஒரு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்னும் அறிவிப்பும் இருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு சனவரியில் பச்சை முட்டையால் செய்யும் மயோனைசைக் கேரளம் தடை செய்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடும் அதனை ஓராண்டுக்குத் தடை செய்தது. வேகாத முட்டையில் சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

விதி வகுப்பது அரசின் கடமை. கடைப்பிடிப்பது கடைக்காரரின் கடமை. கேட்டறிவது நம் உரிமை. நெய்யாற்றின்கரையில் மாலை ஐந்து மணிக்கு வாங்கிய பொதியை, வீட்டுப்பாடம் எல்லாம் முடித்து இரவு ஒன்பது மணிக்கு அவிழ்த்து உண்பது தவறு. பொதியில் நேரம் குறிக்கப்படவில்லையெனில் பணிவோடு கேளுங்கள். சுழலும் இறைச்சியின் உட்பகுதி நன்கு வெந்துள்ளதா எனப் பாருங்கள். அச்சிட்ட செய்தித்தாளில் பஜ்ஜியை வைத்து எண்ணெயை ஒற்றி எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அச்சு மையில் உள்ள தீங்கான பொருள்கள் எண்ணெயோடு கலந்து உணவில் சேரும். செய்தித்தாளில் உணவைப் பொதிவதை விதியும் தடுக்கின்றது.

பலகையும் சாலையும்

2020-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட உணவு ஒழுங்குமுறை, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர்த் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என்கின்றது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், பள்ளிகள்தோறும் 'சர்க்கரைப் பலகை' வைக்குமாறு பணித்தது. சர்க்கரையிலிருந்து பெறும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 5 விழுக்காட்டைத் தாண்டலாகாது. ஆனால் 4 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளிடம் அது 13 விழுக்காடாகவும், 11 முதல் 18 வயது வரையுள்ளோரிடம் 15 விழுக்காடாகவும் உள்ளது என வாரியம் சுட்டிக்காட்டியது. உங்கள் வயதுக்குரிய பங்கில் மும்மடங்கு அது.

இவை போற்றத்தக்க முயற்சிகளே. எனினும் ஐம்பத்தோராவது மீட்டரில் கடை தொடங்கிவிடுகின்றது. பலகையில் எழுதப்படுவன பெரும்பாலும் பெயர் பெற்ற குளிர்பானங்களும் மிட்டாய்களுமாக இருந்தால், பேக்கரித் தேநீரில் இடப்படும் சர்க்கரையை யார் எழுதுவது? தட்டுக்கடைப் பரோட்டாவுக்கு ஊற்றப்படும் எண்ணெயை யார் அளப்பது? அதனை நீங்களே செய்யலாம். உங்கள் சாலையில் விற்கும் உணவுகளை, உங்கள் ஊர்ப் பெயர்களாலேயே, தமிழிலும் மலையாளத்திலும் அப்பலகையில் எழுதுங்கள். தமிழ் அறிந்த உங்களுக்கும் மலையாளம் அறிந்த உங்கள் தோழருக்கும் அது பொதுப்பணி ஆகும்.

அரசு வரி விதிக்கலாம், நீக்கலாம். நீதிமன்றம் பெயரை வரையறுக்கலாம். வாரியம் பலகை வைக்கலாம். ஆனால், கடை வாயிலில் கையில் பணத்தோடு நின்று, எதனை வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்பவர் நீங்கள் ஒருவரே. அம்முடிவை விளம்பரமும் செய்யக் கூடாது. வெறுப்பும் செய்யக் கூடாது. அறிவு செய்ய வேண்டும். எவ்வாறு சமைத்தது, எதனோடு உண்பது, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்னும் நான்கு வினாக்களையும் கேட்டுப் பழகுங்கள். சில வாரங்களில் அவை கேட்காமலே மனத்தில் எழும்.

சொற்பொருள்

பட்டறிவு – அனுபவம்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் பங்கு
சாகுபடி – பயிரிடுதல்
செரித்தல் – உண்ட உணவு சீரணமாதல்
இடர்ப்பாடு – துன்பம், சிக்கல்
அடியோடு – முழுவதுமாக
பணித்தல் – கட்டளையிடுதல்

சிந்தித்து விடை எழுதுக

1. கேரளம் விதித்த கொழுப்பு வரிக்கும் மெக்சிகோவின் பான வரிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 'நம் உணவு நல்லது; அயல் உணவு கெட்டது' என்னும் கூற்றை ஆசிரியர் மறுக்கக் காரணம் என்ன?
3. 'கடைக்குப் போகாதே' என்னும் கட்டளை பயன் தராது என்று கட்டுரை கூறுகின்றது. இதனை நீங்கள் ஏற்கின்றீர்களா? உங்கள் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
4. ஒரு நூடுல்ஸ் உறையில் சோடியம் 1,000 மில்லிகிராம் எனக் குறிக்கப்பட்டுள்ளது. அதில் உள்ள உப்பு எத்தனை கிராம்? அது ஒரு நாளுக்குரிய 5 கிராமில் எத்தனை பங்கு?

செயல்பாடு

உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் விற்கப்படும் சிற்றுண்டிகளுள் பத்தினைப் பட்டியலிடுக. அவித்தது, சுட்டது, பொரித்தது என வகைப்படுத்துக. ஒவ்வொன்றின் பெயரையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.